கறுத்துக் கனத்தால்தான் ஒயினா?

சிவப்பு ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒயின் குடிக்கும் நம்மவர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது. கோப்பையில் ஊற்றினால் மறுபக்கம் விரல் தெரியக் கூடாது. ஒரு மிடறு விழுங்கினால் ஈறு இறுகி, தொண்டையில் சூடு இறங்க வேண்டும். லேபிளில் கபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ, ஷிராஸ் என்று ஏற்கெனவே காதில் விழுந்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். சிங்கப்பூர் விமான நிலையத்தில் பாட்டில் வாங்கிவரும் மாமாவும், பெங்களூரில் ஒயின் வகுப்புக்குப் போய்வந்த ஐடி இளைஞரும் வேறு எதில் மோதிக்கொண்டாலும் இதில் ஒன்றுபடுகிறார்கள். ஒளி ஊடுருவும் வெளிர் சிவப்பில் ஒன்றை ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். "என்ன இது, தண்ணி கலந்திருக்கா?" என்று கேட்பார்கள்.

இந்த நம்பிக்கை நம் ஊரில் முளைத்ததல்ல. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக ஒயின் சந்தை இதை எல்லா ஊர்களுக்கும் ஊட்டிவிட்டது. நிறம் அடர்ந்தால் தரம், கனம் கூடினால் ஆழம், பெயர் பிரபலமானால் பழம் உயர்ந்தது என்பது அதன் சாரம். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது தவறு என்பதோடு, வரலாற்றைத் திருப்பிப் பார்க்காத சோம்பலும்கூட. குடிக்காதவரைக் குடிக்க அழைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 12 சதவீத ஒயினும் மதுதான். ஏற்கெனவே குடிக்கிறவர்கள், அதிலும் தமக்கு ருசி தெரியும் என்று நினைக்கிறவர்கள் எப்படி ஏமாற்றப்படுகிறார்கள் என்பதே இங்கே பேச்சு.

நிறத்திலிருந்து தொடங்கலாம், இருப்பதில் எளிதில் உடையக்கூடியது அதுதான். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாற்றுக்கு நிறமே கிடையாது. நிறமெல்லாம் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிகளில் இருக்கிறது. தோல் சாற்றில் ஊறும்போது ஒயின் சிவக்கிறது. ஷாம்பெயின் பகுதியில் பயிராவதில் பெரும்பகுதி கறுப்புத் திராட்சைதான். தோலை ஊறவிடாமல் பிழிந்துவிடுவதால் ஒயின் வெள்ளையாக வருகிறது. தோலின் தடிமனும் அதிலுள்ள நிறமியின் அளவும் ரகத்துக்கு ரகம் மாறும். வாசனைக்கும் புளிப்புக்கும் சுவையின் நீளத்துக்கும் அதனோடு நேரடி உறவு ஏதும் இல்லை.

சான்று வேண்டுமா? 2018 அக்டோபரில் நியூயார்க்கில் சாதபீஸ் நடத்திய ஏலத்தில் 1945ஆம் ஆண்டு ரோமானே-கோந்தி ஒரே ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. பிரான்சின் பர்கண்டியில் உள்ள ரோமானே-கோந்தி தோட்டத்தில் விளைவது பினோ நுவார். தோல் மெலிந்த, நிறம் குறைந்த திராட்சை. நம் மாமா அந்தக் கோப்பையைக் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் தள்ளி வைத்திருப்பார்.

"பினோ விதிவிலக்கு" என்பார்கள். சரி, இத்தாலியின் பியெமோந்தேக்குப் போவோம். பரோலோ, பார்பரெஸ்கோ ஒயின்களைத் தருவது நெபியோலோ. அதன் நிறமும் வெளிர் சிவப்புதான். சில ஆண்டுகளிலேயே செங்கல் நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் துவர்ப்போ வாயை மடக்கிவிடும். கிரீஸின் ஸினோமாவ்ரோவும் இப்படித்தான். நிறத்தைப் பார்த்துத் துவர்ப்பைக்கூடக் கணிக்க முடியவில்லை என்றால் தரத்தை எப்படிக் கணிப்பது? பர்கண்டியும் பரோலோவும் விதிவிலக்காகும் ஒரு விதியை விதி என்று சொல்லிக்கொள்வதே கூச்சமான காரியம்.

எதிர்த் திசையிலும் பாருங்கள். சதைக்குள்ளேயே நிறம் உள்ள சில ரகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிழிந்தால் சாறே சிவப்பாக வரும். தென் பிரான்சில் ஆன்ரி புஷே என்பவர் 1866இல் கலப்பினமாக உருவாக்கிய அலிகாந்த் புஷே அவற்றில் பெயர்பெற்றது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரையான ஆண்டுகளில் கலிஃபோர்னியாவிலிருந்து ரயில் ரயிலாகக் கிழக்கு நகரங்களுக்குப் போனது இந்தத் திராட்சைதான். வீட்டில் ஒயின் எடுத்துக்கொள்ள அன்று சட்டத்தில் வழியிருந்தது. அலிகாந்துக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? தோல் தடிமனானதால் பயணத்தில் நசுங்காது. அதைவிட முக்கியம், நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால் ஒருமுறை பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஒயின் எடுக்கலாம், குடிப்பவருக்குத் தெரியாது. அதாவது தண்ணீரை ஒளித்துவைக்கத் தோதானது கறுத்த ஒயின். வெளிறிய ஒயினில் தண்ணீர் விட்டால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்றும் கதை பெரிதாக மாறிவிடவில்லை. ரூபிரெட் என்ற சிவப்புச் சதைத் திராட்சையிலிருந்து காய்ச்சி எடுக்கும் மெகா பர்ப்பிள் என்ற அடர்சாறு கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கிடைக்கிறது. விலை குறைந்த சிவப்பு ஒயினில் சிறிதளவு சேர்த்தால் நிறமும் லேசான இனிப்பும் வந்துவிடும். டப்பாவில் வாங்க முடிகிற ஒன்றைத் தரத்தின் அடையாளமாக வைத்திருக்கிறோம்.

கனம் கொஞ்சம் சிக்கலானது. வாயில் 'உடல்' என்று நாம் உணர்வது மது, கிளிசரால், துவர்ப்பைத் தரும் டானின், கரைந்திருக்கும் மற்ற பொருள்கள் எல்லாம் சேர்ந்த ஒன்று. இதில் பெரும்பங்கு மதுவுடையது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதம் மது கிடைக்கும். கொடியில் குலையை இன்னும் இரண்டு வாரம் விட்டுவைத்தால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும், ஒயின் கனக்கும். ஆக, கனம் என்பது பெரும்பாலும் அறுவடைத் தேதியும் வெயிலும் சேர்ந்து எடுக்கும் முடிவு. மேதைமை ஒன்றும் அதற்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. 1970களில் பிரான்சின் போர்தோ பகுதியின் புகழ்பெற்ற ஒயின்கள் 12 சதவீதத்தை ஒட்டியே இருந்தன. இன்று 14 சாதாரணம். அன்று குடித்த தலைமுறை ஏதோ குறைப்பட்ட ஒயினைக் குடித்துக்கொண்டிருந்ததாக யாரும் சொல்வதில்லை. அந்தப் பழைய பாட்டில்களைத்தான் பணக்காரர்கள் ஏலத்தில் துரத்துகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை அதிகம். 1152இல் அக்கித்தேன் சீமாட்டி எலெனோர் இங்கிலாந்தின் அரசனாகப் போகும் ஹென்றியை மணந்த பிறகு போர்தோ ஒயின் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. அன்று போனது வெளிர் சிவப்பு ஒயின். தோலோடு கொஞ்ச நேரமே ஊறியது. அடுத்த அறுவடைக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சந்தைக்குக் கனம் வேண்டும் என்பதற்காக, ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஷ் ஒயினைப் போர்தோ வணிகர்கள் கலந்து அனுப்பினார்கள். அதை மறைக்கக்கூட இல்லை. கலந்தது என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றார்கள். கறுத்துக் கனத்த போர்தோவைப் பாரம்பரியம் என்று வணங்குகிறவர்கள் வணங்குவது வணிகர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டை.

நம் காலத்தில் கனத்துக்கு மதிப்பெண் போட்டவர் ராபர்ட் பார்க்கர். அமெரிக்க வழக்கறிஞர், 1978இல் 'ஒயின் அட்வகேட்' இதழைத் தொடங்கினார். 1982ஆம் ஆண்டுப் போர்தோவை மற்றவர்கள் தயங்கியபோது தூக்கிப் பேசியதில் அவர் புகழ் உயர்ந்தது. 100க்கு இத்தனை என்று அவர் போட்ட எண், கடைகளின் அலமாரியில் விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அவரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. விளம்பரம் வாங்காமல், வணிகர்களின் தயவில் நிற்காமல் எழுதியவர். தனக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொன்னார். பழுத்த, செறிந்த, ஓக் பீப்பாய் வாசனை தூக்கலான ஒயின்கள் அவருக்குப் பிடித்தன. ஒரு மனிதரின் நாக்கைப் பார்த்து ஆயிரக்கணக்கான தோட்டங்கள் அறுவடையைத் தள்ளிப்போட்டது அவர் குற்றமில்லை, சந்தையின் கோழைத்தனம்.

அந்த ஆதிக்கத்தின் உச்சத்தில் வந்தது போர்தோவின் ஷாத்தோ பாவி ஒயின், 2003ஆம் ஆண்டு அறுவடை. அந்த ஆண்டு ஐரோப்பாவில் கொடும் வெயில். பார்க்கர் அந்த ஒயினை வானளாவப் புகழ்ந்தார். லண்டனில் ஒயின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 கொடுத்து, போர்தோ ஒயினாகவே இது இல்லை என்று எழுதினார். இரண்டு பெரிய நாக்குகள், ஒரே ஒயின், நேரெதிரான தீர்ப்பு. அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. கனம் என்பது தரம் பற்றிய உண்மையாக இருந்திருந்தால் அப்படி ஒரு சண்டையே வந்திருக்காது. அது விருப்பம் மட்டுமே என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மதிப்பெண் போடும் முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. நிபுணர் ஒரே காலையில் ஐம்பது, அறுபது ஒயின்களை வரிசையாகச் சுவைத்துத் துப்புகிறார். இருபதாவது கோப்பைக்குள் நாக்கு துவர்த்துக் களைத்துவிடும். அந்த நிலையில் எது கத்துகிறதோ அதுதான் கேட்கும். நாம் ஒயின் குடிப்பது அப்படியா? இரண்டு பேர், ஒரு பாட்டில், ஒரு சாப்பாடு, ஒன்றரை மணி நேரம். அங்கே முதல் மிடறில் அசத்தும் கனம் மூன்றாவது கோப்பையில் சலிக்கிறது. வெளிர் சிவப்பு ஒயினின் புளிப்பு அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்குகிறது. நிபுணர் நடத்தும் தேர்வும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் வேறு வேறு. அவருடைய மதிப்பெண்ணை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில் அர்த்தம் இல்லை.

பிரான்சின் கிழக்கில் ஜுரா மலையடிவாரத்தில் அர்புவா என்ற சிற்றூர் இருக்கிறது. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர். அவருக்கு அங்கே சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் இருந்தது. அங்கே பயிராகும் புல்சார் என்ற ரகத்தின் தோல் அவ்வளவு மெலிது. வாரக்கணக்கில் ஊறவிட்டாலும் ஒயின் இளஞ்சிவப்பு ரோஸே போலத்தான் இருக்கும். அப்பகுதி ஒயின் நிலவறைகளில் சுவைக்கக் கொடுக்கும்போது பெரும்பாலும் சிவப்பை முதலில் ஊற்றி, வெள்ளையைப் பிறகு ஊற்றுவார்கள். அவர்களுடைய வெள்ளை ஒயின்கள் அவ்வளவு வலுவானவை. வெள்ளை லேசானது, சிவப்பு கனமானது என்று வகுப்புகளில் சொல்லித்தரும் வாய்ப்பாடு அந்த ஊர் எல்லையிலேயே செத்துப்போகிறது.

இனி மூன்றாவது நம்பிக்கை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். "நல்ல திராட்சையாக இருந்திருந்தால் இந்நேரம் பெயர் வாங்கியிருக்காதா?" என்பது கேட்க நியாயம் போல ஒலிக்கும். அதன் அடியில், வென்றதெல்லாம் தகுதியால் வென்றது, தோற்றதெல்லாம் தகுதியில்லாமல் தோற்றது என்ற பழைய எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. சாதியையும் பணத்தையும் பற்றிப் பேசும்போது நாம் ஏற்காத வாதத்தைத் திராட்சை என்றதும் ஏற்றுக்கொள்கிறோம்.

1395 ஜூலையில் பர்கண்டிக் கோமகன் 'துணிவுள்ள' பிலிப் ஓர் ஆணை பிறப்பித்தார். தன் சீமையில் காமே என்ற திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்க வேண்டும். அந்தக் கொடி விசுவாசமில்லாதது, அதன் ஒயின் மனித உடலுக்குத் தீங்கானது என்று ஆணையில் வசை வேறு. உண்மையில் நடந்தது என்ன? கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடி அரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. ஆள் பற்றாக்குறை. காமே சீக்கிரம் பழுக்கும், அதிகம் காய்க்கும், பினோ அளவுக்கு அடம்பிடிக்காது. குடியானவர்கள் அதை நட்டார்கள். பர்கண்டி ஒயினின் பெயரும் விலையும் கோமகனுக்கு அரசியல் சொத்து. அதற்குப் பங்கம் வரக் கூடாது. அதனால் ஏழையின் கொடிக்குத் துரோகிப் பட்டம். ஆணை முழுதாகப் பலிக்கவில்லை. பிற்பாடு அவர் பேரனும் அதே தடையை மறுபடி போட வேண்டி வந்தது. ஆனால் காமே படிப்படியாகத் தெற்கே போஜோலேயின் கருங்கல் குன்றுகளுக்கு ஒதுங்கியது. அந்த மண் அதற்கு வாய்த்தது வேறு விஷயம். இரண்டாம் தரம் என்ற முத்திரை மட்டும் அறுநூறு ஆண்டுகள் கூடவே வந்தது.

1999இல் மரபணு ஆய்வு ஒன்று 'சயன்ஸ்' இதழில் வெளியானது. காமேயின் பெற்றோர்களில் ஒருவர் பினோ. கோமகன் யாருக்காகக் காமேயைத் துரத்தினாரோ அதே பினோவின் சொந்தப் பிள்ளை. மற்றவர் குவே ப்ளாங் என்ற, யாரும் மதிக்காத குடியானவர் திராட்சை. அதே இருவருக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை ஷார்தொனே. உலகம் தலையில் தூக்கிவைத்து ஆடும் வெள்ளைத் திராட்சையும் துரோகி என்று விரட்டப்பட்ட சிவப்புத் திராட்சையும் உடன்பிறப்புகள். கபர்னே சோவிஞ்ஞோனின் பூர்வீகமும் அப்படி ஒன்றும் தெய்வீகமானதல்ல. கபர்னே ஃப்ராங், சோவிஞ்ஞோன் ப்ளாங் இரண்டும் ஏதோ ஒரு தோட்டத்தில் தற்செயலாகக் கலந்ததன் விளைவு என்று 1997இல் தெரியவந்தது.

பிறகு பூச்சி வந்தது. 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் நுழைந்த ஃபிலாக்சரா வேர்ப்பூச்சி சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் தோட்டங்களை மொட்டையடித்தது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டார்கள். எதை நடுவது என்ற கேள்விக்கு ருசி மட்டும் விடை சொல்லவில்லை. ஒட்டு எது எளிதில் பிடிக்கும், எது நிறையக் காய்க்கும், கடன்காரனுக்கு எது சீக்கிரம் காசு தரும் என்பதெல்லாம் சேர்ந்து சொன்னது. பூக்கும் பருவத்தில் எளிதில் உதிர்ந்துவிடும் கார்மெனேர் போர்தோவிலிருந்து கிட்டத்தட்ட மறைந்தது. 1994 நவம்பரில் பிரெஞ்சுத் திராட்சையியலாளர் ழான்-மிஷேல் புர்சிக்கோ சிலியில் ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது, மெர்லோ என்று காட்டப்பட்ட கொடிகள் மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று கண்டுபிடித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிலிக்காரர்கள் அதை மெர்லோ என்றே நினைத்துப் பயிரிட்டு விற்றிருக்கிறார்கள். கார்மெனேர் லேசான ரகம் அல்ல, தெரியும். என் கேள்வி வேறு. சிலி மெர்லோ என்று பாராட்டி வாங்கிய அத்தனை பேர் பாராட்டியது எதை? பழத்தையா, பெயரையா? இதே புர்சிக்கோ 2008இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே அல்பரினோ என்று விற்றதன் மேலும் சந்தேகப்பட்டார். மரபணுவைப் பார்த்தால் அது ஜுராவின் சவஞ்ஞான். மனிதரை எந்த நாடும் இனித் தோட்டத்துக்குள் விடுமா என்றே தெரியவில்லை.

சிலியிலேயே இன்னொரு திராட்சை இருக்கிறது: பாயிஸ். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தது. பூசை ஒயினுக்காகப் பாதிரிகள் நட்டது. மௌலே, இத்தாத்தா, பியோபியோ பள்ளத்தாக்குகளில் பாசனம் இல்லாமல், தாங்குகம்பி இல்லாமல், நூறு வயது தாண்டிய கொடிகள் இன்றும் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுரங்கப் பணம் சேர்த்த குடும்பங்கள் பிரெஞ்சுத் திராட்சைகளை இறக்கி, தலைநகருக்குப் பக்கத்தில் மாளிகைத் தோட்டங்கள் அமைத்தன. அன்றிலிருந்து பாயிஸ் தெற்கத்தி விவசாயியின் குடத்து ஒயின், கிலோ விலை மலிவு, குடிக்கிறவருக்கு மரியாதை இல்லை. பாயிஸைப் பிழிந்து இது நல்ல ஒயினா என்று சோதித்துப் பார்த்து யாரும் தள்ளவில்லை. யார் வீட்டில் வளர்ந்தது என்று பார்த்துத் தள்ளினார்கள். இந்த நூற்றாண்டில் லூயி-அந்த்வான் லுயித் என்ற பிரெஞ்சுக்காரர், போஜோலேயின் மொர்கோன் கிராமத்தில் கற்ற முறையில், குலைகளை நசுக்காமல் முழுசாகப் புளிக்கவைத்துப் பாயிஸில் ஒயின் எடுத்தார். சிவந்த பழ வாசனை, மண் நெடி, கொஞ்சம் முரட்டுத் துவர்ப்பு, நல்ல புளிப்பு. இப்போது பெரிய நிறுவனங்களும் பாயிஸ் போடுகின்றன. ஐந்நூறு ஆண்டுகளாகக் கூடவே இருந்த கொடியை மதிக்க ஒரு வெளிநாட்டுக்காரர் வர வேண்டியிருந்தது என்பது நமக்கும் பழக்கமான வருத்தம்.

ஜான்சிஸ் ராபின்சனும் ஜூலியா ஹார்டிங்கும் ஹோசே வூயமோசும் 2012இல் வெளியிட்ட பெருநூல் ஒயினாகும் 1,368 திராட்சை ரகங்களை விவரிக்கிறது. சர்வதேசத் திராட்சை ஒயின் அமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, உண்ணும் திராட்சையும் சேர்த்து, வெறும் 13 ரகங்கள் உலகத் திராட்சைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 33 ரகங்கள் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீதி ஆயிரத்துச் சொச்சமும் சுவையில் தோற்றவை என்று நம்ப வேண்டுமானால், கோமகனின் ஆணையும் வேர்ப்பூச்சியும் கடன்காரனும் நல்ல சுவைஞர்கள் என்றும் சேர்த்து நம்ப வேண்டும். அந்தப் பட்டியலில் எவ்வளவு கூட்டம் பாருங்கள். சிசிலியின் விட்டோரியாவில் ஃப்ராப்பாத்தோ: ஸ்ட்ராபெரியும் ரோஜாவும் மணக்கும், துவர்ப்பு மிகக் குறைவு. இத்தாலிய ஒயின் வகைப்பாட்டின் உச்சமான டிஓசிஜி தகுதியை அத்தீவில் பெற்ற ஒரே ஒயினான செராசுவோலோவில் நேரோ தாவொலாவோடு இணையாக நிற்பது அதுதான். ஆல்ப்ஸ் அடிவாரத்துத் தென் டிரோலில் ஸ்கியாவா: வெளிர் சிவப்பு, கடைசியில் ஒரு சிறு பாதாம் கசப்பு. ஆஸ்திரியாவில் 1922இல் கலப்பினமாகப் பிறந்த ஸ்வைகெல்ட். பியெமோந்தேயில், கொட்டை நிறைந்து, பார்க்க ரோஸே போலவும் கடிக்கப் பரோலோ போலவும் நடந்துகொள்ளும் கிரிஞ்ஞோலினோ.

எதிர்த் தரப்பின் வலுவான ஆயுதம் எது என்று எனக்குத் தெரியும். போஜோலே நூவோ. 1985 முதல் நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை உலகமெங்கும் திறக்கப்படும் புத்தொயின். வாழைப்பழமும் பபுள்கமும் மணக்கும் அவசரச் சரக்கு. "லேசான சிவப்பு என்றால் இதுதானே?" என்று கேட்டால், அந்தச் சரக்கில் பெரும்பகுதி மட்டமானது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாழைப்பழ வாசனை புளிக்கவைக்கும் முறையாலும் தேர்ந்தெடுத்த ஈஸ்டாலும் வருவது; அதற்குக் காமே பொறுப்பில்லை. அதே போஜோலேயில் மொர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான் முதலான 10 கிராமப் பெயர்கள் தனித் தகுதி பெற்றவை. ஒயின் வணிகரும் வேதியியல் அறிந்தவருமான ழூல் ஷோவே, ரசாயனத்தையும் கூடுதல் சர்க்கரையையும் தவிர்த்து ஒயின் எடுக்கும் வழியை அங்கே காட்டினார். மொர்கோனின் மார்செல் லப்பியேர் அதைப் பின்பற்றிக் காட்டினார். மட்டமான ஷிராஸ் உலகில் ஆறாக ஓடுகிறது. அதை வைத்து ஷிராஸ் திராட்சையையே யாரும் மட்டம் என்பதில்லை. காமேக்கு மட்டும் ஏன் தனி நீதி?

"லேசான ஒயின் வயதாகத் தாங்காது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. நல்ல மூலான்-ஆ-வான் பத்தாண்டு தாங்கும், பினோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் பெரும்பாலானவை இளமையில் குடிக்க வேண்டியவைதான். அதனால் என்ன? விற்கும் ஒயினில் மிகப் பெரும்பகுதி வாங்கிய சில நாட்களுக்குள் திறக்கப்படுகிறது. சென்னை வெயிலில் ஒயினை இருபது ஆண்டு பாதுகாக்க நம்மில் யாரிடம் நிலவறை இருக்கிறது?

என் பக்கத்து ஆட்களையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பெரிய நகரங்களின் ஒயின் பார்களில் இப்போது ஒரு புதுப் பக்தி கிளம்பியிருக்கிறது. பெயர் யாருக்கும் தெரியாது என்பதே தகுதி; கலங்கியிருந்தால் நேர்மை; எலி நாற்றம் அடித்தால் இயற்கை. பழைய பக்தர்கள் லேபிளில் பிரபலமான பெயரைத் தேடினார்கள், இவர்கள் பிரபலமாகாத பெயரைத் தேடுகிறார்கள். கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று இரு சாராரும் பார்ப்பதில்லை. அறியப்படாத ரகங்களில் கணிசமானவை சாதாரணமானவை, சில சகிக்க முடியாதவை. குளிர் நாட்டின் ஜனவரி இரவில், கணப்பின் பக்கத்தில், தீயில் வாட்டிய மாட்டிறைச்சியோடு கனத்த கபர்னே நன்றாகவே இருக்கும். அதைப் பறிக்க நான் வரவில்லை.

ஆனால் நாம் இருப்பது கணப்பின் பக்கத்தில் இல்லையே. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற விதி பிறந்தது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீட்டில். அந்த அறையில் 16 முதல் 18 டிகிரி இருந்தால் அதிகம். மதுரையிலோ கோலாலம்பூரிலோ அதே விதியைப் பின்பற்றி 31 டிகிரியில் 14.5 சதவீத ஷிராஸ் ஊற்றினால், மது ஆவியாக மூக்கில் ஏறும். பழம் வெந்த ஜாம் ஆகிவிடும். துவர்ப்பு குறைந்த ஒயின்தான் குளிர்ச்சியைத் தாங்கும். குளிரவைத்தால் டானின் இன்னும் கரகரப்பாகும் என்பதால் கனத்த ஒயினை அப்படிச் செய்ய முடியாது. காமேயோ ஃப்ராப்பாத்தோவோ 12, 13 டிகிரியில் உயிர்பெறும்.

சாப்பாடும் அப்படித்தான். மிளகாயின் காரத்தை நரம்பில் உணரவைக்கும் அதே ஏற்பியை மதுவும் தூண்டுகிறது. மது கூடக்கூடக் காரம் எரிச்சலாகிறது; டானின் அதன்மேல் வறட்சியைக் கூட்டுகிறது. செட்டிநாட்டுக் கோழிக்கும் யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்புக்கும் பக்கத்தில் ஓக் வாடையடிக்கும் கபர்னேயை வைப்பவர் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கிறார். மது குறைந்த, புளிப்புள்ள, குளிர்ந்த வெளிர் சிவப்பு அங்கே பொருந்துகிறது. நம் குழம்பில் புளி செய்யும் வேலையை அது கோப்பையிலிருந்து செய்கிறது. இதைச் சொல்ல ஒயின் வகுப்பு தேவையில்லை. ஆனால் வகுப்புகள் சொல்வதும் இல்லை, ஏனென்றால் பாடத்திட்டம் வேறு சமையலறைக்காக எழுதப்பட்டது.

இந்த வெளிர் சிவப்புத் திராட்சைக் குடும்பத்தோடு நமக்கு ஓர் உறவும் உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றது மேலே சொன்ன ஸ்கியாவாவின் பெரிய வகையான ஸ்கியாவா க்ரோசா. கம்பத்துப் பழம் உண்பதற்கானது, அதில் உயர்ந்த ஒயின் வரும் என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் கூடையில் விற்கும் பழத்தின் தாய்வழியையோ தந்தைவழியையோ கோப்பையில் பார்த்ததும் 'கேள்விப்படாத பெயர்' என்று ஒதுக்குவதில் உள்ள வேடிக்கையைச் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள்: யாரும் கேட்பதில்லை, அதனால் இறக்குமதி செய்வதில்லை. வரி ஏற்கெனவே அதிகம்; விற்காத பெயரை வாங்கி வைத்து நட்டப்பட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? அதனால் கேளுங்கள். பெங்களூரிலோ புதுச்சேரியிலோ சிங்கப்பூரிலோ பாரிஸிலோ இருக்கிறவர்கள், அடுத்த பாட்டில் வாங்கும்போது காமே இருக்கிறதா, ஸ்வைகெல்ட் இருக்கிறதா, ஃப்ராப்பாத்தோ இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கிடைத்தால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஷிராஸ் எங்கும் போய்விடாது.